பரந்தனில் ஒரு தொழிற்சாலை இருந்தது

பதிவு கொஞ்சம் நீளம். ஆறுதலாக இருந்து வாசியுங்கள்.

போன தவணை முடிவில் எங்கள் பாடசாலையின் தரம் 10, 11 பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு ஆனையிறவுக்குக் கல்விச் சுற்றுலா போனோம். முல்லைத்தீவிலிருந்து ஏ35 வீதி. புதுக்குடியிருப்பு, வள்ளிபுனம், சுதந்திரபுரம், உடையார்கட்டு, விசுவமடு, தருமபுரம் என்று ஊர்கள் ஒவ்வொன்றாகப் பின்னால் போயின. ஆனையிறவில் ஒல்லாந்தர் காலத்துக் கோட்டை இருந்த கதையை முதல் நாளே வகுப்பில் சொல்லியிருந்தோம். பரந்தனைக் கடக்கும்போது ஒரு மகள் இடிந்த கட்டடங்களைக் கைகாட்டிக் கேட்டாள்: "சேர், இதுவும் ஒல்லாந்தர் கட்டினதா?"

பஸ்ஸுக்குள் ஒரே சிரிப்பு. "அடி, அது ஃபேக்டரி" என்றான் பின்சீட்டில் இருந்த ஒரு மகன். "என்ன ஃபேக்டரி?" என்று அவள் திருப்பிக் கேட்டாள். அவனுக்கும் தெரியவில்லை. பஸ்ஸில் இருந்த நாற்பது பிள்ளைகளில் ஒருவருக்கும் தெரியவில்லை.

அதே பிள்ளைகளிடம் ஹிரோஷிமாவில் குண்டு போட்ட திகதியைக் கேட்டால் நித்திரையிலும் சொல்வார்கள். 1945 ஓகஸ்ட் 6. பிள்ளைகளில் பிழை இல்லை. நாங்கள் சொல்லிக் கொடுக்கவில்லை. இந்தப் பதிவை எழுதுவது அதனால்தான்.

முதலில் தொழிற்சாலையின் கதை.

சுதந்திரத்துக்குப் பிறகு 1948 முதல் 1953 வரை கைத்தொழில் அமைச்சராக இருந்தவர் ஜீ.ஜீ. பொன்னம்பலம். வடக்கு கிழக்கில் மூன்று பெரிய அரச தொழிற்சாலைகள் அவருடைய பெயரோடு சேர்த்துப் பேசப்படுகின்றன. காங்கேசன்துறையில் சீமெந்து, வாழைச்சேனையில் கடதாசி, பரந்தனில் இரசாயனம். பரந்தன் தொழிற்சாலை 1950களில் எழுந்தது.

ஏன் பரந்தன்? விடை ஐந்து மைல் வடக்கே கிடந்தது. ஆனையிறவு உப்பளம். இரசாயனத் தொழிற்சாலை என்றால் ஏதோ விளங்காத விசயம் என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். அங்கே நடந்தது நாங்கள் தரம் 11இல் படிப்பிக்கும் மின்பகுப்புத்தான். உப்பைத் தண்ணீரில் கரைத்து அதற்குள் மின்னோட்டத்தைச் செலுத்தினால் மூன்று பொருட்கள் வரும். காஸ்டிக் சோடா, குளோரின் வாயு, ஐதரசன் வாயு. காஸ்டிக் சோடா சவர்க்காரம் செய்யவும் கடதாசி செய்யவும் வேண்டும். குளோரின் குடிதண்ணீரைச் சுத்தமாக்க வேண்டும். குளோரினையும் ஐதரசனையும் சேர்த்தால் ஐதரோகுளோரிக் அமிலம். கடலேரியின் உப்பு, மின்சாரம், மனித உழைப்பு. இந்த மூன்றையும் வைத்து ஒரு நாட்டின் சவர்க்காரத்துக்கும் தண்ணீருக்கும் வழி செய்த இடம் அது.

அதுவரை பரந்தன் என்றால் வயல். இரணைமடுத் தண்ணீர் பாயும் நெல்வயல், ஒரு சந்தி, ஒரு ரயில் நிலையம். தொழிற்சாலை வந்த பிறகு அது வேலைக்கு ஆட்கள் வரும் ஊரானது. சம்பள நாளில் சந்தியில் சனம் நிறையும் என்று எங்கள் பெரியவர்கள் சொல்வார்கள். புடவை மூட்டையோடு அந்தச் சந்திக்குப் போய் வந்த முஸ்லிம் வியாபாரிகள் எங்கள் குடும்பங்களிலும் இருந்தார்கள். கணக்குக் கொப்பியில் 'பரந்தன் கடன்' என்று தனிப் பக்கம் வைத்திருந்த ஒரு அப்பாவைப் பற்றி எங்கள் வீட்டில் இன்னும் கதைப்பதுண்டு. கடன் வாங்கியவர்கள் தொழிற்சாலைக்காரர்கள். மாதம் பிறந்தால் காசு தவறாமல் வரும். அந்த மனுசன் 1990இல் வெளியேறும்போது அந்தக் கொப்பியை எடுத்துக்கொண்டு போகவில்லை.

1980களின் நடுப்பகுதியில் யுத்தம் முற்றியது. உற்பத்தி நின்றது. அதன் பிறகு அந்த வளவுக்கு வந்தவர்களில் யாரும் காஸ்டிக் சோடா செய்ய வரவில்லை.

இந்த இடத்தில் கொஞ்சம் உலகத்தைப் பார்த்துவிட்டு வருவோம்.

தொழிற்சாலை உள்ள நகரத்தின் மீது வானத்திலிருந்து குண்டு போடுவது இருபதாம் நூற்றாண்டு கண்டுபிடித்த போர்முறை. 1937 ஏப்ரலில் ஸ்பெயினின் குவெர்னிக்கா. 1940 நவம்பரில் இங்கிலாந்தின் மோட்டார் தொழில் நகரமான கொவென்ட்ரி. அதற்குப் பதிலாக ஜெர்மன் நகரங்கள். 1942 பெப்ரவரியில் பிரித்தானிய விமானப்படைக்குப் போன கட்டளை, தொழிற்சாலைகளை மட்டும் அல்ல, தொழிலாளர்களின் மனவுறுதியையே இலக்காக வைக்கச் சொன்னது. வீடுகளை எரித்தால் தொழிலாளி வேலைக்குப் போகமாட்டான் என்பது கணக்கு. 1943 ஜூலையில் ஹம்பர்க் நகரம் தீப்புயலில் எரிந்தது. ஏறத்தாழ 40,000 பேர் செத்தார்கள். ஆனாலும் ஜெர்மனியின் யுத்த உற்பத்தி 1944 வரை கூடிக்கொண்டே போனது. கணக்குப் பிழைத்தது. செத்தவர்கள் திரும்பி வரவில்லை.

எங்கள் நாட்டுக்கும் அந்த நெருப்பு வந்தது. 1942 ஏப்ரல் 5, உயிர்த்த ஞாயிறு காலை, ஐந்து விமானந்தாங்கிக் கப்பல்களோடு வந்த ஜப்பானியக் கடற்படை கொழும்பைத் தாக்கியது. துறைமுகத்தையும் இரத்மலானையையும் குறிவைத்து வந்தவர்களின் குண்டு அங்கொடை மனநோய் வைத்தியசாலையிலும் விழுந்தது. நான்கு நாள் கழித்து, 9ஆம் திகதி, திருகோணமலை. சீனக்குடா எண்ணெய்த் தாங்கி நாட்கணக்கில் எரிந்தது. கொழும்பிலிருந்து சனம் மூட்டை முடிச்சோடு வெளியேறியது. வவுனியாவில் இருக்கும் விமான ஓடுபாதையும் அந்த யுத்தத்தின்போது பிரித்தானிய விமானப்படைக்காகப் போடப்பட்டதுதான். விமானமும் யுத்தமும் வன்னிக்குப் புதிதல்ல. ஆனால் அப்போது வன்னி இலக்காக இருக்கவில்லை. அது பிறகு வந்தது.

இனி எங்கள் கதை.

1985 முதல் சியாமாசெட்டி. சின்ன விமானம். அதன் பிறகு ஹெலி, அவ்ரோ. அவ்ரோவிலிருந்து பீப்பாயில் வெடிமருந்து நிரப்பி உருட்டிவிடுவார்கள். அது எங்கே விழும் என்பது போட்டவனுக்கும் தெரியாது. 1996இல் இஸ்ரேலிலிருந்து கிபிர் வந்தது. சத்தம் காதில் விழும்போது குண்டும் விழுந்துவிடும். 2000ஆம் ஆண்டிலிருந்து மிக். கடைசி வருடங்களில், தாக்க முதல் மேலே சுற்றிக்கொண்டிருக்கும் ஆளில்லா வேவு விமானம். சனம் அதற்கு வைத்த பெயர் 'வண்டு'. வண்டு சுற்றினால் அடுப்பைக்கூட அணைத்துவிடுவார்களாம், புகை தெரியும் என்ற பயத்தில்.

இதில் எதையும் நாங்கள் கண்ணால் பார்க்கவில்லை. அதை நேர்மையாகச் சொல்லவேண்டும். 1990 ஒக்டோபர் இறுதியில் விடுதலைப் புலிகள் வடமாகாண முஸ்லிம்கள் முழுப்பேரையும் வெளியேற்றினார்கள். யாழ்ப்பாணத்தில் இரண்டு மணித்தியால அவகாசம். மொத்தம் ஏறத்தாழ 75,000 பேர். தண்ணீரூற்று, நீராவிப்பிட்டி, நாச்சிக்குடா என்று வன்னியின் முஸ்லிம் ஊர்களும் அதில் அடக்கம். நாங்கள் புத்தளத்து ஓலைக் கொட்டில்களில் வளர்ந்தோம். கிபிரின் சத்தத்தை வானொலிச் செய்தியில்தான் கேட்டோம். அதே வருடம் ஓகஸ்ட் 3ஆம் திகதி காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையில் நின்றவர்கள் சுடப்பட்டார்கள். நூற்றுக்கு மேற்பட்டோர். அந்தக் காயத்தோடு இருந்த எங்கள் முகாம்களில், வன்னியில் குண்டு விழுந்த செய்தி வரும்போது சிலர் பேசிய பேச்சை இன்று நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. 'விழட்டும்' என்றவர்கள் இருந்தார்கள். எங்களுக்கும் அப்போது மனம் கல்லாகத்தான் இருந்தது. ஒரு வயதான உம்மம்மா மட்டும் ஒருநாள் அதட்டினா: "அங்க நம்மட பக்கத்து வீட்டுப் பொன்னம்மாட பிள்ளைகளும் இருக்குதுகள், வாயக் கழுவுங்க." அந்தப் பெயர் உண்மைப் பெயர் அல்ல. மற்றதெல்லாம் உண்மை.

நாங்கள் இல்லாத அந்த வன்னியில் என்ன நடந்தது?

1995 ஒக்டோபர் 30. யாழ்ப்பாணத்து வலிகாமத் தமிழ்ச் சனம் இலட்சக்கணக்கில் ஒரே இரவில் வெளியேறியது. யாழ்ப்பாண முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டு அன்றோடு சரியாக ஐந்து வருடம். திகதிகூட மாறவில்லை. அவர்களில் பெருந்தொகையானோர் பிறகு கடலேரி தாண்டிக் கிளிநொச்சிக்கு வந்தார்கள்.

வந்தவர்களுக்கு ஒரு வருடம்கூட ஆறுதல் இல்லை. 1996 ஜூலை 18இல் முல்லைத்தீவு இராணுவ முகாம் புலிகளிடம் வீழ்ந்தது. ஆயிரத்துக்கு மேற்பட்ட படையினர் செத்தார்கள். எட்டு நாள் கழித்து ஆனையிறவிலிருந்து இராணுவம் 'சத்ஜய' நடவடிக்கையைத் தொடங்கியது. முதலில் பரந்தன். செப்டெம்பர் இறுதியில் கிளிநொச்சி. வானத்திலிருந்து குண்டும் தரையிலிருந்து எறிகணையும் சேர்ந்து வந்தபோது நகரம் முழுவதும் அக்கராயன், ஸ்கந்தபுரம், மல்லாவி என்று காட்டுப் பக்கம் ஓடியது. இரண்டு வருடம் கிளிநொச்சியில் குடிமக்கள் இல்லை. 1998 செப்டெம்பர் இறுதியில் புலிகள் நகரைத் திரும்பப் பிடித்தபோது பிடித்தது சுவர்களைத்தான்.

பரந்தன் தொழிற்சாலை வளவு அந்த வருடங்களில் முன்னரங்குப் பிரதேசத்துக்குள் கிடந்தது. 2000 ஏப்ரல் 22இல் ஆனையிறவு முகாம் விழும்வரை அந்தப் பகுதி யுத்தத்தின் வாசற்படி. விமானம் போட்டது, ஆட்லறி போட்டது, இரண்டு பக்கமும் போட்டது. எஞ்சிய இரும்பைக் கழற்றியவர்கள் கழற்றினார்கள். எந்தத் துளை யாருடையது என்று பிரித்துச் சொல்ல இனி ஏலாது.

1999 செப்டெம்பர் 15. புதுக்குடியிருப்பு மந்துவில். விமானக் குண்டில் இருபதுக்கு மேற்பட்ட பொதுமக்கள் செத்தார்கள். சர்வதேச செஞ்சிலுவைச் சங்கம் வெளிப்படையாகக் கவலை தெரிவித்தது.

2002இல் சமாதானம். ஏ9 திறந்தது. கிளிநொச்சியில் கடை, வங்கி, பாடசாலை எல்லாம் எழும்பின. எங்களில் சிலர் அப்போது வந்து பார்த்தோம். வளவில் காடு. கிணறு தூர்ந்துபோயிருந்தது. பழைய அயலவர்கள் தேத்தண்ணி தந்தார்கள். கதைக்க நிறைய இருந்தும் இரண்டு பக்கமும் அதிகம் கதைக்கவில்லை.

2006 ஓகஸ்ட் 14. வள்ளிபுனம் செஞ்சோலை வளாகம். கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பாடசாலைகளிலிருந்து முதலுதவிப் பயிற்சிக்காக வந்திருந்த மாணவிகள் தங்கியிருந்த இடம். காலையில் கிபிர் வந்தது. ஐம்பதுக்கு மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். அது புலிகளின் பயிற்சி முகாம் என்றது அரசாங்கம். மாணவிகள் என்றது யுனிசெப். எங்கள் பஸ் போன அதே வீதி. எங்கள் பஸ்ஸில் இருந்த பிள்ளைகளின் வயது.

அதற்குப் பிறகு கிளிநொச்சிப் பிள்ளைகளின் பாடசாலை நேரசூசியில் எழுதாத ஒரு பாடம் சேர்ந்தது. வகுப்புக்குப் பக்கத்தில் எல் வடிவத்தில் பங்கர். மேலே பனங்குத்தி, அதன்மேல் மண்மூட்டை. சத்தம் கேட்டால் ஓடவேண்டும், தள்ளுப்படக்கூடாது, காதைப் பொத்தி வாயைத் திறந்து வைத்திருக்கவேண்டும். இன்று எங்களோடு ஆசிரியர் அறையில் இருக்கும் ஒரு தமிழ் ஆசிரியை அப்படிப் படித்து சாதாரணதரம் எழுதியவர். இப்போதும் இடி இடித்தால் வாய் தானாகத் திறக்கும் என்று சிரித்துக்கொண்டு சொல்வார். அந்தச் சிரிப்புக்கு நாங்கள் ஒருநாளும் சிரித்ததில்லை.

2008 செப்டெம்பரில், பாதுகாப்புக்கு உத்தரவாதம் தர முடியாது என்று சொல்லி ஐ.நா. மற்றும் உதவி நிறுவனங்களை வன்னியை விட்டு வெளியேறச் சொன்னது அரசாங்கம். கிளிநொச்சி ஐ.நா. அலுவலகத்துக்கு முன்னால் சனம் கூடி, போகவேண்டாம் என்று கெஞ்சியது. 16ஆம் திகதி வாகனங்கள் போய்விட்டன. சனத்தைப் புலிகள் வெளியே போக விடவில்லை. கட்டாய ஆட்சேர்ப்பு வீடு வீடாக நடந்தது. மேலே விமானம், பின்னால் இராணுவம், முன்னால் புலிகளின் தடை.

2009 ஜனவரி 1 பரந்தன். ஜனவரி 2 கிளிநொச்சி. இராணுவம் உள்ளே போனபோது நகரத்தில் ஆள் இல்லை. பின்வாங்கிய புலிகள் சாய்த்துவிட்டுப் போன தண்ணீர்த் தாங்கியின் படத்தை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். சனம் ஏ35 வழியாகக் கிழக்கே போனது. நாங்கள் சுற்றுலா வந்த அதே வீதி, எதிர்த்திசை. ஜனவரி 21இல் அந்த வீதியோரத்தில் உடையார்கட்டு, சுதந்திரபுரம் பகுதியை அரசாங்கம் 'பாதுகாப்பு வலயம்' என்று அறிவித்தது. சனம் நம்பிப் போனது. அந்த வலயத்துக்குள்ளேயே எறிகணைகள் விழுந்ததை ஐ.நா. நிபுணர் குழு 2011இல் பதிவு செய்தது. மே 18வரை, முள்ளிவாய்க்கால்வரை, செத்த பொதுமக்கள் 40,000 வரை இருக்கலாம் என்றும் அந்தக் குழு சொன்னது. ஹம்பர்க்கின் எண்ணிக்கையை மேலே எழுதியபோது எங்கள் கை ஒரு கணம் நின்றது இதற்காகத்தான்.

சண்டையிலும் வரம்பு உண்டு என்று எங்கள் மார்க்கம் சொல்லித் தந்திருக்கிறது. முதலாம் கலீபா அபூபக்கர் (ரழி) அவர்கள் படை அனுப்பும்போது பெண்கள், சிறுவர், முதியவர்களைக் கொல்லவேண்டாம், காய்க்கும் மரத்தை வெட்டவேண்டாம் என்று சொல்லி அனுப்பியதை மதரஸாவில் எல்லோரும் படித்தோம். அந்தச் சட்டம் எங்களைச் சுட்டவர்களுக்கு மட்டும் பொருந்தும், எங்களை விரட்டியவர்களின் ஊரில் குண்டு விழுந்தால் பொருந்தாது என்று எங்கேயும் இல்லை.

இப்போது பரந்தன்.

பரந்தன் இரசாயனக் கம்பனி என்ற பெயர் இன்றும் இருக்கிறது. குளோரினை வெளிநாட்டிலிருந்து இறக்கி, நாட்டின் குடிதண்ணீர்த் திட்டங்களுக்குக் கொடுக்கும் அரச கம்பனி அது. கொழும்பில் ஒரு வீட்டில் குழாயைத் திறந்தால் வரும் தண்ணீரின் பின்னால் பரந்தன் என்ற பெயர் இருக்கிறது. பரந்தனில் பல வருடமாக ஒரு போத்தல் குளோரினும் செய்யப்படவில்லை. ஆனையிறவு உப்பளம் மறுபடி இயங்குகிறது. பரந்தனில் கைத்தொழில் வலயம் வரும் என்ற பேச்சும் அடிபடுகிறது. வரட்டும். பிள்ளைகளுக்கு வேலை வேண்டும். வன்னிப் பெண்பிள்ளைகள் விடியப்புறம் பஸ் ஏறி ஆடைத் தொழிற்சாலைக்குப் போய் இருட்டித் திரும்புவதை நாங்கள் தினமும் பார்க்கிறோம்.

ஆனால் புதிய மதில் எழும்பும்போது பழைய சுவர் முழுக்கத் துடைக்கப்பட்டுவிடும். ஹிரோஷிமாவில் அப்படிச் செய்யவில்லை. அங்கே குண்டுக்குத் தப்பி நின்ற குவிமாடக் கட்டடம் கோயிலோ அரண்மனையோ அல்ல. அது அந்த மாவட்டத்தின் கைத்தொழில் மேம்பாட்டு மண்டபம். உள்ளூரில் செய்த பொருட்களைக் காட்சிக்கு வைத்த இடம். இடிந்தபடியே விட்டார்கள். 1996இல் அது உலக மரபுரிமை ஆனது. எங்கள் கிளிநொச்சி வெறுமையாகிய அதே வருடம். கொவென்ட்ரியிலும் எரிந்த தேவாலயத்தின் சுவரை வைத்துக்கொண்டுதான் பக்கத்தில் புதியதைக் கட்டினார்கள். நாங்கள் உலக மரபுரிமை கேட்கவில்லை. ஒரு சுவரும் ஒரு பலகையும் போதும். இங்கே ஒரு தொழிற்சாலை இருந்தது, இன்னது செய்தார்கள், இத்தனை பேர் வேலை செய்தார்கள், இப்படி அழிந்தது. மூன்று மொழியிலும்.

அந்தப் பலகையில் எழுத விசயம் வேண்டும். அது எங்களிடம்தான் இருக்கிறது. அங்கே வேலை செய்தவர்களில் உயிரோடு இருப்பவர்களுக்கு இப்போது எழுபது, எண்பது வயது. இன்னும் பத்து வருடத்தில் கேட்க ஆள் இருக்காது. ஆகவே அடுத்த தவணையில் பிள்ளைகளுக்கு ஒரு செயற்றிட்டம் கொடுக்கப் போகிறோம். வீட்டில், அயலில், பரந்தன் தொழிற்சாலையில் வேலை செய்தவர், அங்கே சாமான் விற்றவர், அதன் சங்குச் சத்தத்துக்கு நேரம் பார்த்தவர் யாராவது இருந்தால் பிள்ளைகள் போய்க் கேட்டு எழுதிக்கொண்டு வரவேண்டும். தமிழ்ப் பிள்ளை முஸ்லிம் வீட்டிலும் முஸ்லிம் பிள்ளை தமிழ் வீட்டிலும் கேட்கவேண்டும் என்பது ஒரே நிபந்தனை. அடையாள அட்டை, சம்பளத் துண்டு, பழைய படம் எது இருந்தாலும் கைபேசியில் படம் எடுத்துவிட்டு அசலைத் திருப்பிக் கொடுத்துவிடுவோம்.

இதைச் சொன்னபோது ஒரு நண்பர் கேட்டார், "சேர், உங்கட ஆக்கள விரட்டினத முதல்ல எழுதுங்க, பிறகு மற்றாக்கள்ட கதைய எழுதலாம்." அவர் கோபத்தில் நியாயம் உண்டு. எங்கள் வெளியேற்றமும் எந்தப் பாடப்புத்தகத்திலும் உரிய இடத்தில் இல்லை. அதையும் எழுதத்தான் போகிறோம். ஆனால் வரிசை பிடித்து எழுத இது கூப்பன் கடை இல்லை. இரண்டும் ஒரே வளவில் நடந்தது. ஒரே கொப்பியில் எழுதலாம்.

தமிழில் ஒரு வசதி இருக்கிறது. கேட்பவரைச் சேர்க்காவிட்டால் 'நாங்கள்'. சேர்த்தால் 'நாம்'. இந்தப் பதிவு முழுக்க நாங்கள், நாங்கள் என்றே எழுதிவிட்டோம். எங்களுக்குத் தெரிந்ததை மட்டும் சொல்லவேண்டும் என்பதற்காக. அந்த மகளுடைய கேள்விக்குப் பதில் சொல்லும் வேலை மட்டும் நாம் எல்லோரும் சேர்ந்து செய்யவேண்டியது.

அன்று பஸ்ஸில் அவளுக்கு நாங்கள் சொன்னது ஒரே வசனம்: "இல்ல மகள், அது நம்மட ஆக்கள் சவர்க்காரத்துக்குச் சோடாவும் தண்ணிக்கு மருந்தும் செஞ்ச இடம்." அவள் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

உங்களுக்குத் தெரிந்ததைக் கீழே எழுதுங்கள். பிழை இருந்தால் திருத்துங்கள். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் இதை வாசித்துக் காட்டுங்கள். இறந்துபோன எல்லோருக்காகவும் துஆச் செய்யுங்கள்.